கைக்கு வேண்டிய காலமும் கம்பெனி கொடுக்கும் காலமும்: காயம்பட்ட தொழிலாளியின் பிசியோதெரபியில் நடப்பது என்ன?

பவர் பிரஸ்ஸில் (தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரம்) விரல் சிக்கிய ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்த அன்றே மூன்று கணக்குகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. அறுந்த தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) பளு தாங்கும் அளவுக்கு ஒட்ட உடம்புக்கு ஏறத்தாழ 12 வாரம் வேண்டும். விபத்தை அரசுக்குத் தெரிவிக்காமல் தப்பிக்க நிர்வாகத்துக்கு இருப்பது 48 மணி நேரம். லீவு சர்டிபிகேட்டுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) டிஸ்பென்சரி கொடுப்பது பெரும்பாலும் ஒரு வாரம், அப்புறம் இன்னொரு வாரம். இந்த மூன்றில் எதை வைத்துக் கைக்குச் சிகிச்சை நடக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் ஆறு மாதம் கழித்து அந்த விரல் மடங்குமா, மடங்காதா என்பது இருக்கும்.

அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கோவையிலும் பிரஸ் ஷாப், ஃபவுண்டரி, ஸ்பின்னிங் மில் வேலைகளில் கையைக் கொடுத்துவிட்டு வருபவர்கள் மறுவாழ்வுச் சிகிச்சைக் காலத்தில் படும் பாட்டை முரட்டுத்தனமான ஒரு தெரபிஸ்ட்டின் குற்றமாக மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. முரட்டுத்தனம் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் போகிறோம். ஆனால் அதிகமான கைகள் கெட்டுப்போவது, தசைக்கும் எலும்புக்கும் வேண்டிய காலத்தை வருகைப் பதிவேடும் சர்டிபிகேட்டும் ஊனத்தை மதிப்பிடும் மெடிக்கல் போர்டின் தேதியும் தீர்மானிப்பதால்தான்.

கட்டோடு கம்பெனி கேட்டுக்கு வரச் சொல்வது

தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் பிரிவு 88 சொல்வது இது: விபத்தால் ஒருவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால், நிர்வாகம் அதை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். (2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டமும் இஎஸ்ஐ சட்டமும் உட்பட்ட பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழகிய எண்கள் என்பதால் பழைய சட்டங்களின் பிரிவுகளையே இங்கே குறிப்பிடுகிறோம்.) ஆகவே காயம்பட்டவர் அந்த 48 மணி நேரம் முடியுமுன் கம்பெனிக்குள் வந்துவிட்டால், தாளில் விபத்தே இல்லை. "வேலை ஒண்ணும் செய்ய வேண்டாம், வந்து பஞ்ச் மட்டும் பண்ணிட்டு செக்யூரிட்டி ரூம்ல உட்காரு, சம்பளம் முழுசா வரும்" என்று சூப்பர்வைசர் சொல்வது கேட்கக் கருணையாகத்தான் இருக்கும். பலர் இதை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறார்கள்.

இதில் மூன்று நஷ்டம் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்திருக்க வேண்டிய காலம். எட்டு மணி நேரம் நாற்காலியில் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் வீக்கம் வடியாது, வடியாத வீக்கம் நாளடைவில் தழும்பாக இறுகும். இரண்டாவது, இஎஸ்ஐ சட்டத்தின் பிரிவு 63-இன்படி, வேலை செய்த நாளுக்கோ சம்பளத்தோடு விடுப்பில் இருந்த நாளுக்கோ தற்காலிக ஊனப் பலன் (வேலைக் காயத்தால் வேலை செய்ய முடியாத நாட்களுக்கு இஎஸ்ஐ தரும் பணம்) கிடையாது. பஞ்ச் பண்ணிய ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கிலிருந்து போய்விடும். மூன்றாவதுதான் பெரியது. விபத்து அறிக்கையே போகாததால் பின்னால் "இது வேலையில் பட்ட காயமா, வீட்டில் பட்டதா" என்ற கேள்வி எழும். வீட்டுக் காயமென்றால் கிடைப்பது நோய்க்காலப் பலன்: சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. வேலைக் காயமென்றால் 90 சதவீதம், நாள் வரம்பு இல்லை, குணமாகும் வரை. மாதம் 18,000 வாங்குபவருக்கு இது தோராயமாக ஒரு நாளைக்கு 420 ரூபாய்க்கும் 540 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம். பன்னிரண்டு வாரத் தெரபியை முடிக்கும்வரை வீட்டு வாடகை கொடுக்க முடியுமா என்பது இந்த 120 ரூபாயில் நிற்கிறது.

விபத்து நடந்த அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதவைப்பதும், படிவம் 12 எனப்படும் விபத்து அறிக்கையை நிர்வாகம் இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டதா என்று கேட்பதும் இதனால்தான் சிகிச்சையின் முதல் படி. வேலைக்குச் சேர்ந்து ஒரு நாளே ஆகியிருந்தாலும் வேலைக் காயத்துக்குப் பலன் உண்டு, சந்தா நாள் கணக்கு இதற்குத் தேவையில்லை. நிர்வாகம் சந்தாவே கட்டாமல் இருந்தாலும், தொழிலாளிக்கு உரியதைக் கொடுத்துவிட்டு அதை நிர்வாகத்திடம் வசூலிக்கும் அதிகாரம் பிரிவு 68-இல் இருக்கிறது. "உன் பேரே இன்னும் ஏத்தலை, அதனால இஎஸ்ஐ போக முடியாது" என்று கான்ட்ராக்டர் சொல்வதை நம்பிக் கண்ட கிளினிக்கில் தையல் போட்டுக்கொண்டு, தசைநாண் அறுந்திருப்பதே தெரியாமல் மூன்று வாரம் கழித்து வருபவர்கள் உண்டு. அந்தத் தாமதத்துக்கு எந்தத் தெரபியும் ஈடுகட்டாது.

கட்டுப் போட்ட விதத்திலேயே தொடங்கும் கேடு

நசுங்கிய கைக்குப் போடும் மாவுக்கட்டோ ஸ்பிளின்ட்டோ (கையை ஒரே நிலையில் தாங்கும் பட்டை) எந்த நிலையில் இருக்கிறது என்பதை நோயாளியே பார்த்துச் சொல்லிவிடலாம். கை இயல்பாக வலியில் போய் நிற்கும் நிலை தப்பான நிலை: மணிக்கட்டு கீழே தொங்கும், விரலின் அடிமூட்டுகள் நேராக நிற்கும், நடு மூட்டுகள் கொக்கிபோல் மடங்கும். அப்படியே மூன்று வாரம் விட்டால் அடிமூட்டின் பக்கவாட்டில் எலும்புகளைக் கட்டிப் பிடிக்கும் தசைநார்கள் சுருங்கிவிடும், பிறகு கையை மூடவே முடியாது. சரியான நிலை இதற்கு நேர் எதிர். மணிக்கட்டு 20 முதல் 30 பாகை மேல்நோக்கி, அடிமூட்டுகள் 70 முதல் 90 பாகை மடங்கி, நடு மூட்டும் நுனி மூட்டும் நேராக. காயம்படாத விரல்களை வெளியே விட்டிருக்க வேண்டும், அவை முதல் நாளிலிருந்தே அசைய வேண்டும். கூட்டம் அலைமோதும் காஷுவாலிட்டியில் ஐந்து விரலையும் சேர்த்துச் சுருட்டி ஒரே கட்டாகக் கட்டி அனுப்பிவிட்டால், ஒரு விரல் காயம் ஐந்து விரல் விறைப்பாக மாறும்.

உள்ளங்கைப் பக்கம் மடக்கும் தசைநாண் அறுந்து தைக்கப்பட்டிருந்தால் கணக்கே வேறு. அப்போது புறங்கைப் பக்கம் ஒரு தடுப்பு ஸ்பிளின்ட் போட்டு, விரல்கள் முழுதாக நீளாதபடி பிடித்துவைப்பார்கள். அதற்குள் முதல் வாரத்திலேயே அசைவு தொடங்க வேண்டும். மற்றக் கையால் விரலை உள்ளங்கை நோக்கி மெல்ல மடக்கி, ஸ்பிளின்ட்டைத் தொடும்வரை மட்டும் நீட்டுவது, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை, தடவைக்குப் பத்து முறை. தையலின் வலுவைப் பார்த்து சில சர்ஜன்கள் தானாக லேசாக மடக்கவும் சொல்வார்கள். நான்காவது வாரம் முதல் பொதுவாகத் தானே மடக்கும் பயிற்சி, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஸ்பிளின்ட்டை எடுப்பது, எட்டுக்குமேல் லேசான எதிர்ப்போடு பயிற்சி, பன்னிரண்டுக்கு முன் பளு தூக்கக் கூடாது.

இந்த வரிசையை இரண்டு பக்கமும் உடைக்கிறார்கள். ஆறு வாரம் அசைக்காமலே விட்டுவிட்டால் தசைநாண் சுற்றியுள்ள உறையோடு ஒட்டிக்கொள்ளும், விரல் நகராது. தையலுக்குப் பிந்தைய இரண்டு வாரத்தில்தான் அந்த இணைப்பு மிகவும் பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில் ஸ்பிளின்ட்டைக் கழற்றி விரலை நீட்டி இழுத்தால் தையல் பிய்ந்துவிடும். "டப்" என்று ஓர் உணர்வு, அதற்குப்பின் விரல் நுனி மடங்கவில்லை என்றால் அன்றே சர்ஜனிடம் போக வேண்டும். அடுத்த தெரபி நாள்வரை காத்திருந்தால் மறுபடி தைப்பதற்கான வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

ஒரு தெரபிஸ்ட் இதில் தவறாமல் இருக்க அவருக்கு ஆபரேஷன் குறிப்பு வேண்டும். எந்தத் தசைநாண், எந்த இடத்தில், என்றைக்குத் தைத்தது, கூடவே உணர்ச்சி நரம்பும் அறுந்ததா, எலும்பில் கம்பி இருக்கிறதா. நடைமுறையில் நோயாளி கையில் இருப்பது "ஹேண்ட் இஞ்சுரி, பிசியோ" என்று எழுதிய ஒரு சீட்டு. "நரம்பு கட்டாயிடுச்சு சார்" என்று அவர் சொல்வது தசைநாணாகவும் இருக்கலாம், உணர்ச்சி நரம்பாகவும் இருக்கலாம், அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் இல்லாமல் தெரபி அறைக்குப் போகக் கூடாது. அதைப் படிக்காமல் கையைத் தொடும் தெரபிஸ்ட்டிடம், படித்துவிட்டுத் தொடச் சொல்வதற்கு நோயாளிக்கு உரிமை உண்டு.

இழுத்து மடக்கினால் விறைப்பு போகாது

விறைத்துப்போன மூட்டை ஒரே மூச்சில் வளைத்துவிடலாம் என்ற நம்பிக்கை தெரபி அறைகளில் இன்னும் சாகவில்லை. நோயாளியின் தோளை ஒருவர் அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் முழங்கையை மடக்குவார். அலறினால், "கத்தினாத்தான் சரியாகும்" என்பார்கள். அந்த நிமிடம் ஐந்து பாகை கிடைத்ததுபோலத் தெரியும். உள்ளே நடப்பது வேறு. சுருங்கிய திசு கிழிகிறது, ரத்தம் கசிகிறது, மறுநாள் வீக்கம், வீக்கத்தின்மேல் புதுத் தழும்பு. கிடைத்த ஐந்து பாகை போய், முன்பிருந்த மூன்றும் போகும். முழங்கையில் இது இன்னும் ஆபத்து, பலவந்தமாக மடக்கி நீட்டிய முழங்கையைச் சுற்றித் தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கலாம். நாட்டுக்கட்டுக்காரர் எண்ணெய் தேய்த்து உருவிவிடும் முழங்கைக்கும் இதே கதி வரக் காரணமும் இதுதான்.

எதைச் செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டிலேயே கண்டு தெளிந்த விஷயம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதியிலிருந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட், மடங்கி இறுகிய விரல்களுக்கு மெல்லிய மாவுக்கட்டுக் குழாய் போட்டு, சில நாளுக்கொரு முறை அதைக் கழற்றி, கிடைத்த சின்ன நீட்சியில் மறுபடி கட்டு போடும் முறையைப் பரப்பினார். திசுவை இழுத்துக் கிழிக்க வேண்டியதில்லை, லேசான இழுவையை நீண்ட நேரம் கொடுத்தால் அதுவே வளர்ந்து இடம் கொடுக்கும் என்பது அவர் விடாமல் சொன்ன பாடம். விரல் ஸ்பிளின்ட் ஒன்றில் கொடுக்க வேண்டிய இழுவை 100 முதல் 300 கிராம்தான். ஒரு வளர்ந்த ஆள் தன் முழுக் கைப்பலத்தோடு கொடுப்பது அதைப்போல எத்தனையோ மடங்கு. உலகெங்கும் கை தெரபிஸ்டுகள் படிக்கும் இந்தப் பாடம் வேலூரில் பிறந்திருக்க, நம் ஊர் இஎஸ்ஐ நோயாளியின் விரலை இன்னும் நெட்டி முறிப்பது வேதனை.

வலி இல்லாமல் தெரபி நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பயிற்சியின்போது பத்துக்கு மூன்று, நான்கு அளவில் இழுக்கும் வலி இருக்கலாம். அது ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிட வேண்டும். மறுநாள் காலை விரல் முந்தைய நாளைவிட வீங்கியிருந்தால் கொடுத்தது அதிகம், ஒரு படி பின்வாங்க வேண்டும். காயத்துக்குப் பொருந்தாத அளவில் எரிச்சலும் வலியும் இருந்து, கையின் நிறம் மாறி, பளபளத்து, ஒரு கை சூடாக இன்னொன்று சில்லிட்டு, வேர்வையும் மாறினால் அது சிக்கலான வட்டார வலி நோய்க்குறி என்ற தனி நோயாக இருக்கலாம். அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் நோய் முற்றும். அவருக்கு உடனே வேண்டியது வலி நிபுணரும், கண்ணாடிமுன் பயிற்சி, மெல்லத் தொட்டுப் பழக்குதல் போன்ற வேறு வகைத் தெரபியும். இந்த நோய்க்கும் "நடிப்பு" என்ற பெயர் எளிதில் கிடைத்துவிடுகிறது.

மெழுகு வைப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாரஃபின் மெழுகுத் தொட்டியின் வெப்பம் 52 முதல் 54 டிகிரி செல்சியஸ். உணர்ச்சியுள்ள கைக்கு அது இதமான சூடு. உணர்ச்சி நரம்பு அறுந்த விரலுக்குச் சூடே தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். அறுந்து தைத்த நரம்பு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும். மணிக்கட்டில் அறுந்தால் விரல் நுனிக்கு உணர்ச்சி திரும்பப் பல மாதம் ஆகும். அதுவரை மெழுகும் ஒத்தடமும் ஆபத்து. செய்ய வேண்டிய சோதனை சாதாரணமானது: கண்ணை மூடச் சொல்லி, வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் உள்ள இரண்டு குழாய்களை மாற்றி மாற்றி விரலில் வைத்து, எது சூடு என்று கேட்பது. ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடம் இல்லாததால்தான் தெரபிக்கு வந்த கை தீக்காயத்தோடு திரும்புகிறது.

கரண்ட் வைத்துவிட்டு அனுப்புவது

துன்புறுத்தல் என்றால் வலிக்கச் செய்வது மட்டும் என்று நினைக்கிறோம். தெரபியே கொடுக்காமல் தெரபி கொடுத்ததாகப் பதிவு செய்வதும் அதில் சேரும். ஒருவர் ஸ்ரீபெரும்புதூர் விடுதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, டோக்கன் வாங்கி, பத்து நிமிடம் கரண்ட் வைத்துக்கொண்டு, ஸ்மைலி பந்தைப் பத்துத் தடவை அமுக்கிவிட்டுப் போகிறார். அட்டையில் "பிசியோ: 15 சிட்டிங்" என்று நிறைந்துவிடும். கை அப்படியே இருக்கும். மின்தூண்டல் வலியைச் சற்று மட்டுப்படுத்தலாம், மூட்டைத் திறக்காது. முன்னேற்றம் முழுக்க வீட்டில் மணிக்கொரு தடவை செய்யும் பயிற்சியில் இருக்கிறது. தெரபிஸ்ட்டின் வேலை அதைக் கற்றுக்கொடுத்து, அளந்து, மாற்றிக்கொண்டே போவது. பந்தை அமுக்குவதிலும் ஒரு சங்கதி உண்டு. வீங்கிய, முழுதாக மூடாத கைக்குப் பந்து பாதி மூடிய நிலையிலேயே பலத்தைப் பழக்கும், முழு மடக்கத்தைத் தராது.

தெரபி உண்மையில் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள எண்கள் போதும். கோணமானியால் ஒவ்வொரு மூட்டையும் அளக்க வேண்டும். நல்ல விரலில் அடிமூட்டு 85, நடு மூட்டு 110, நுனி மூட்டு 65, மொத்தம் 260 பாகை அளவுக்கு மடங்கும். நீட்ட முடியாத பாகைகளை இதிலிருந்து கழித்துவிடுவார்கள். முதல் நாளும் பிறகு இரண்டு வாரத்துக்கொரு முறையும் இந்த எண் அட்டையில் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் கேட்டு எழுத வைக்க வேண்டும். வீட்டில் கோணமானி வேண்டாம், பள்ளிக்கூட ஸ்கேல் போதும். கையை மூடும்போது விரல் நுனிக்கும் உள்ளங்கையில் விரல்களுக்குக் கீழே ஓடும் ரேகைக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி என்று வாரம் ஒரு முறை, அதே நேரத்தில், அளந்து தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் தொடர்ந்து அந்த எண் நகரவில்லை என்றால் இப்போதைய முறை போதவில்லை என்று அர்த்தம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு போன்ற, இதற்கென்றே இருக்கும் இடத்துக்குப் பரிந்துரை கேட்க இந்த எண்களே ஆதாரம்.

"நடிக்காதே"

காயம்பட்ட தொழிலாளியிடம் தெரபி அறையில் அதிகம் சொல்லப்படும் வார்த்தை இதுவாகத்தான் இருக்கும். வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் சோதித்துப் பார்ப்பார்கள். கைப்பிடியின் பலத்தை அளக்கும் பிடிப்பு மானியைக் கொடுத்து ஐந்து நிலைகளில் மும்மூன்று முறை அமுக்கச் சொல்வது, மூன்று முறையும் எண் வேறுவேறாக வந்தால் "முழு பலம் கொடுக்கவில்லை" என்று எழுதுவது. வலியுள்ள கை ஒவ்வொரு முறையும் வேறு எண்ணைத்தான் தரும். வலிக்கும் என்ற பயமே பலத்தைக் குறைக்கும். ஆரோக்கியமான கைகளை வைத்து உண்டான இந்தக் கணக்கு காயம்பட்டவரின் நேர்மையை அளக்காது.

முதுகுவலிக்கு வேடல் அறிகுறிகள் என்று ஐந்து வகைச் சோதனைகள் உண்டு. தலையில் லேசாக அழுத்தினால் இடுப்பு வலிக்கிறது என்கிறாரா, படுத்த நிலையில் தூக்க முடியாத காலை உட்கார்ந்த நிலையில் நீட்டுகிறாரா என்றெல்லாம் பார்ப்பது. 1980-இல் இதை வெளியிட்ட ஸ்காட்லாந்து எலும்பு மருத்துவர் கார்டன் வேடலே, இவை பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவிகள் அல்ல என்று 1998-இல் மறுபடி எழுத வேண்டியிருந்தது. பயமும் மனத்தளர்ச்சியும் இருப்பவரிடம் இந்த அறிகுறிகள் தெரியும், அவருக்கு வேண்டியது மனநல உதவியும் சேர்ந்த சிகிச்சை என்பதுதான் அவர் சொன்னது. அதே ஐந்து சோதனைகளை வைத்து இன்றும் ஃபிட்னஸ் எழுதிக்கொடுப்பது மருத்துவம் ஆகாது.

சந்தேகத்துக்கு ஒரு காரணம் உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம். பணப் பலன் இருப்பதால் சிலர் நாளை நீட்டுவது உண்டு. ஆனால் ஓவர்டைம் வருமானம் போய், கான்ட்ராக்டர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார் என்ற பயத்தில், ஆறாத கையோடு "ஃபிட் போட்டுக் கொடுங்க" என்று கெஞ்சுபவர்களையும் எந்த டிஸ்பென்சரியிலும் பார்க்கலாம். தெரபிஸ்ட்டுக்கு அந்த இரண்டு பேரையும் பிரித்தறியும் வேலை இல்லை. முன்னால் நீட்டப்பட்ட கைக்குச் சிகிச்சை தருவதே அவர் வேலை.

இஎஸ்ஐ சட்டத்தின் பிரிவு 64, பலன் வாங்குபவர் சிகிச்சையில் இருக்க வேண்டும், மருத்துவர் சொல்படி நடக்க வேண்டும், குணமாவதைத் தடுக்கும் எதையும் செய்யக் கூடாது, அனுமதியில்லாமல் அந்தப் பகுதியை விட்டுப் போகக் கூடாது என்கிறது. "சொன்னதைச் செய்யலைன்னா பணம் நின்னுபோகும்" என்ற மிரட்டல் இங்கிருந்து வருகிறது. வலி தாங்காமல் கையை இழுத்துக்கொள்வது சிகிச்சையை மறுப்பது என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தையும் இல்லை. ஊருக்குப் போய்விட்டு வந்தால் மட்டும் நிஜமாகவே சிக்கல் வரும். தீபாவளிக்கு ஒடிசாவுக்கோ தென்மாவட்டத்துக்கோ போகுமுன் டிஸ்பென்சரியில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அறைக்குள் யார் இருக்கிறார்கள்

ஹிந்தியோ வங்காளமோ ஒடியாவோ மட்டும் தெரிந்த தொழிலாளிக்குத் தெரபி நடக்கும்போது மொழிபெயர்க்கக் கம்பெனி சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்பது சாதாரணக் காட்சி. அவருக்கு வலிக்கிறதா என்று தெரபிஸ்ட் கேட்க, சூப்பர்வைசர் ஒரு வாக்கியம் சொல்ல, தொழிலாளி தலையாட்டுகிறார். "வலி இல்லையாம் மேடம், எப்ப வேலைக்கு வரலாம்னு கேக்கறான்." இப்படிப் பெறப்படும் சம்மதத்துக்கு மதிப்பு இல்லை. நிர்வாகத்தின் ஆள் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். அதே மொழி தெரிந்த இன்னொரு நோயாளி, போனில் ஓர் உறவினர், படம் வரைந்த பயிற்சித் தாள் என்று எது கிடைத்தாலும் சூப்பர்வைசரைவிட மேல். எண்ணும் முகப்படமும் உள்ள வலி அட்டைக்கு மொழியே வேண்டாம்.

தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு வலிக்கும், நிறுத்தச் சொல்ல என்ன சைகை என்று சொல்லிவிட்டுத் தொடங்குவது அடிப்படை. தேசிய மனித உரிமை ஆணையம் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனத்தில் விளக்கம் கேட்கும் உரிமை, சம்மதம், அந்தரங்கம், மருத்துவப் பதிவுகளின் நகல் எல்லாம் இருக்கின்றன. ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. மில் வேலையில் இடுப்போ தோளோ அடிபட்டு வரும் பெண்கள், திரைகூட இல்லாத ஹாலில் ஆண் தெரபிஸ்ட்டின் முன் துணி விலக்கச் சொல்லப்படுவதால் இரண்டாம் நாளே வராமல் நின்றுவிடுகிறார்கள். பதிவேட்டில் அது "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்றுதான் ஏறும்.

சர்டிபிகேட், போர்டு, சதவீதம்

தெரபிஸ்ட்டும் சர்ஜனும் "இன்னும் ஆறு வாரம்" என்று சொன்னாலும் லீவு சர்டிபிகேட் கொடுப்பவர் டிஸ்பென்சரியின் காப்பீட்டு மருத்துவ அதிகாரி. அவருக்குத் தெரபி அறையில் நடப்பது தெரியாது. அதனால் தெரபிஸ்ட்டின் அளவுக் குறிப்பையும் அடுத்த வரவுத் தேதியையும் ஒவ்வொரு முறையும் எடுத்துப் போனால்தான் நாள் நீளும். வெறுங்கையோடு போனால் "ஃபைனல்", அதாவது வேலைக்குத் திரும்பலாம் என்ற கடைசி சர்டிபிகேட், விழும். ஃபைனல் விழாதவரை, தற்காலிக ஊனப் பலனில் இருப்பவரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று இஎஸ்ஐ சட்டத்தின் பிரிவு 73 தடுக்கிறது. விழுந்தபின் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கான்ட்ராக்ட் தொழிலாளியை அவசரமாக ஃபிட் ஆக்குவதில் இருக்கும் அவசரம் இதுதான்.

நிரந்தரக் குறை இருந்தால் மெடிக்கல் போர்டு சம்பாதிக்கும் திறன் இழப்பைச் சதவீதமாகப் போடும். சட்டத்தின் அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, ஒரு கணு போனால் 9, நடு விரல் முழுதும் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7, கட்டை விரல் 30, நான்கு விரலும் போனால் 50. நாளுக்கு 540 ரூபாய் பலன் விகிதம் உள்ளவருக்கு 9 சதவீதம் என்றால் நாளுக்கு 48 ரூபாய் 60 காசு, மாதம் சுமார் 1,458 ரூபாய், ஆயுள் முழுக்க. 14 சதவீதம் என்றால் சுமார் 2,268.

அட்டவணை வெட்டுப்பட்ட விரலைத்தான் எண்ணுகிறது. விரல் இருந்தும் விறைத்துப்போனவர் இங்கே திண்டாடுகிறார். "விரல் இருக்கே" என்று ஒன்றிரண்டு சதவீதத்தோடு அனுப்பிவிடுவார்கள். அட்டவணையின் அடிக்குறிப்பு ஒன்று பலருக்குத் தெரியாது: ஓர் உறுப்பின் பயன்பாட்டை முழுதாக, நிரந்தரமாக இழப்பது அந்த உறுப்பையே இழந்ததற்குச் சமமாகக் கொள்ளப்படும். இதை நிலைநாட்ட உதவுவது அதே கோணமானி எண்கள்தான். தெரபி முடியாமலே போர்டு கூப்பிட்டால் இறுதி மதிப்பீட்டுக்குப் பதில் தற்காலிக மதிப்பீடு கேட்கலாம். முடிவு சரியில்லையென்று பட்டால் 3 மாதத்துக்குள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், நேரே ஊழியர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். சிகிச்சையிலேயே கவனக்குறைவு, மெழுகில் சுட்டது, தையலைப் பிய்த்தது போன்றவற்றுக்கு வழி வேறு. இஎஸ்ஐ மருத்துவமனைச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முதலில் மருத்துவக் கண்காணிப்பாளரிடம் தேதி, நேரம், நடந்தது மூன்றையும் எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொள்ள வேண்டும். கொப்புளத்தையும் வீக்கத்தையும் அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பிப் போகும் பிரஸ்

சிகிச்சையின் கடைசிக் கட்டம் வேலையைப் போலவே செய்து பழகுவது. அவர் நாள் முழுக்க எத்தனை கிலோ தூக்குகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், எந்த விரலால் பாகத்தை டையில் (பிரஸ்ஸின் அச்சில்) வைக்கிறார் என்று கேட்டு, அதையே கால் அளவில் தொடங்கி முழு அளவுவரை பயிற்சியாக ஏற்றுவது. இது பெரும்பாலான இடங்களில் நடப்பதே இல்லை. "லைட் வேலை" என்று சர்டிபிகேட்டில் எழுதினால் ஷாப் ஃப்ளோரில் அதற்கு ஆளுக்கொரு அர்த்தம். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, அதிரும் கருவி கூடாது, நாளுக்கு நான்கு மணி நேரம், இத்தனை தேதிவரை என்று எண்ணாக எழுதச் சொல்ல வேண்டும்.

உணர்ச்சி திரும்பாத விரலோடு அதே பிரஸ்ஸில் நிறுத்துவது இன்னொரு விபத்துக்கு நாள் குறிப்பது. கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் உணர முடியாதவர் பார்வையால் மட்டுமே பாகத்தை வைத்தெடுக்க வேண்டியிருக்கும், அந்த வேகத்தில் அது நடக்காது. ஃபிட்னஸ் எழுதும் மருத்துவர் கேட்க வேண்டியது இரண்டு கேள்வி: அந்த மெஷினில் இரு கைப் பொத்தானும் (இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்) சென்சார் தடுப்பும் வேலை செய்கின்றனவா, முதல் விபத்து நடந்தபோது அவை எங்கே இருந்தன. இதைக் கேட்டு அட்டையில் எழுதும் மருத்துவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எழுதினால், கம்பெனியும் அந்த மெஷினுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.